முதல் பொம்மைக்கு வைத்த மை

அன்பு மகள் கன்னிகாவுக்கு, திருப்பதியிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும், குடிபாலாவில் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். ஜெர்மனிக் குளிரில் உனக்கும் மாப்பிள்ளை நிதினுக்கும் பேரன் யஸ்வந்துக்கும் சளி இருமல் அண்டாமல் ஏழுமலையான் பார்த்துக்கொள்ளட்டும். போன் இருக்கும்போது தாளில் எழுதுகிறாளே என்று நினைக்காதே, இருப்பது ஒற்றை அறை, உன் சித்தி வரலட்சுமி காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. எழுதி முடித்ததும் பக்கத்து அறை சுஷ்மிதாவின் போனில் படம் பிடித்து அனுப்பச் சொல்வேன்.

சித்தி சில நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் போகிற பொம்மை கம்பெனியில் அவளுக்கு வேலை போய்விட்டது. அமெரிக்காவுக்குப் போகிற துணிப் பொம்மை என்று, அவர்கள் சட்டப்படி டெஸ்ட் எல்லாம் முடித்துப் பெட்டி கட்டி வைத்திருந்தோம். அதற்குள் அங்கே வரியை ஏற்றிவிட்டார்கள், வாங்குகிறவன் வேண்டாம் என்றுவிட்டான். முதலாளி அலைந்து திரிந்து நீ இருக்கிற பக்கத்திலேயே ஒரு கம்பெனியைப் பிடித்தார். அவர்களோ அமெரிக்கா டெஸ்ட் எங்களுக்குச் செல்லாது, எங்கள் முறைப்படி மறுபடி செய்யுங்கள் என்றார்கள். பொம்மை ஒன்றுதான், வாயில் வைத்துச் சப்பப்போவதும் குழந்தைதான், அதற்கு நாட்டுக்கொரு டெஸ்ட் எதற்கு என்று சூப்பர்வைசர் முரளி சாரிடம் கேட்டேன். ஒவ்வொருத்தன் ரூல் ஒவ்வொரு மாதிரி, நாம இன்னாக்கா பண்ண முடியும் என்றார்.

இந்தத் தடவை டெஸ்ட்டுக்கு முதல் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு, உன்னிடம் சொன்னதில்லை. எந்த ஆர்டர் வந்தாலும் முதலில் முடிகிற பொம்மைக்கு, முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் உன் சித்தி மைப்பொட்டு வைப்பாள். கடல் தாண்டிப் போற புள்ள, கண்ணு படக்கூடாது என்பாள். பிள்ளை இல்லாதவள் ஆசைக்குச் செய்கிறாள் என்று நாங்களும் சிரித்துக்கொண்டே பொம்மையை நீட்டுவோம். முன்பெல்லாம் டெஸ்ட்டுக்கு நடுப்பெட்டியிலிருந்து எடுத்ததால் தெரியவில்லை, இப்போது அந்தப் பொம்மையே லேபுக்குப் போய், மையில் ஈயம் இருக்கிறது, குழந்தைக்கு விஷம் என்று வந்துவிட்டது. மொத்தச் சரக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். லைனை நிறுத்தி யார் வைத்தது என்று கேட்டார்கள். எல்லோரும் தலை குனிந்து நின்றோம், நானும்தான். அவளே முன்னால் வந்து, நான்தான் சார் வச்சேன், அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க என்றாள். அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

வேலை போனதற்கு அவள் அழவில்லை. கையும் காலும் இருக்குது, குடிபாலாவுல கூலிக்குப் போறேன் என்கிறாள். ஆனால் இத்தனை வருஷமாக எத்தனை முதல் பொம்மை போயிருக்கும், எந்தெந்தக் குழந்தை அதைச் சப்பியிருக்கும் என்றுதான் ஒரே புலம்பல். கண்ணு படக்கூடாதுன்னு நெனச்சிக்கினு வெசத்த வச்சி அனுப்பியிருக்கனே அக்கா என்கிறாள். தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள், துன்னுடி என்று அதட்டினால் ஒரு வாய். பொம்மைக்கு அத்தனை டெஸ்ட் வைக்கிறார்கள், கடைத்தெருவில் நாம் வாங்கிப் பிள்ளை கண்ணுக்கு வைக்கிற மை டப்பியை ஒருவரும் பார்க்கவில்லையே கன்னிகா.

இப்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. யஸ்வந்த் பிறந்தபோது நாங்கள் அனுப்பிய பார்சலில் சித்தி வைத்த மையும் அதே கடை, அதே டப்பி. ஊரார் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் கேட்டுக் கேட்டு அழுகிறவள், யஸ்வந்த்தைப் பற்றி மட்டும் வாயே திறப்பதில்லை. நீ அனுப்பிய போட்டோவில் அவன் கன்னத்தில் பொட்டு இருந்ததை நாங்கள் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும், அதைத் தவிர சாமியிடம் நான் வேறு எதுவும் கேட்பதில்லை. அந்த டப்பியை உடனே எடுத்துக் குப்பையில் போடு. டாக்டரிடம் சொல்லிக் குழந்தைக்கு ரத்தம் பார், மறந்துவிடாதே. ஒன்றும் இல்லை என்று வந்தால் நீயே சித்திக்குப் போன் செய்து சொல். வேறு மாதிரி வந்தால் என்னிடம் மட்டும் சொல், அவளிடம், போட்டோவில் இருந்தது இங்கே ஜெர்மனியில் நான் வாங்கிய மை சித்தி என்று சொல்லிவிடு. நம்பமாட்டாள். ஆனாலும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
தாட்சாயணி