முடிசூட்டுப் பாட்டுக்காரரும் நானும்

என் அன்பான இஞ்சாருங்கோ,

வேறு எப்படித் தொடங்குவது? கல்யாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை இப்படித்தானே கூப்பிட்டேன். ஒரு வருட நினைவு மலருக்கு எல்லோரும் எழுதித் தந்துவிட்டார்கள், நீங்களும் எழுதுங்கோ அம்மா என்று மகள் நிரோ ஒரே கரைச்சல். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் நிரோ திருத்துவாள். விசயத்தில் பிழை இருந்தால் நீங்கள்தான் திருத்தவேண்டும். நீங்களோ இல்லை.

விசயம் இதுதான். உங்களுடைய ஓர்கன் பாட்டுப் புத்தகங்களைப் பேரித் கேட்டாள். செத்தவீடு முடிந்த கிழமையே கேட்டாள். கொடுப்பதா விடுவதா என்று இவ்வளவு காலமும் நான் பதில் சொல்லவில்லை. போன ஞாயிறு ஹொல்ம்லியாவுக்கு ரயில் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டாள். நடந்ததை உங்களுக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வது?

இதைப் படிக்கிற ஆட்களுக்காகக் கொஞ்சம் விளக்கவேண்டும். நீங்கள் இங்கத்தைக் கிறிஸ்தவக் கோயிலில் வேலைக்குச் சேர்ந்தது கதவு திறக்கவும், படியில் கிடக்கும் பனியை அள்ளவும்தான். ஊரில் பாதரிடம் ஆர்மோனியம் பழகிய கை சும்மா இருக்குமா? ஓர்கன் என்கிற அந்தப் பெரிய குழாய் வாத்தியத்தை வாசிக்கிற கிழவர் உங்களை இருத்திப் பழக்கினார். அவர் நோயில் விழுந்தபோது கல்யாணங்களுக்கும் செத்தவீடுகளுக்கும் நீங்களே வாசிக்கத் தொடங்கினீர்கள். பேரித், பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வெடுத்த நொர்வேக்காரி. நீங்கள் வாசிக்கும்போது பக்கத்தில் இருந்து தாள் திருப்புவாள், சத்தம் மாற்றுகிற கட்டைகளை இழுத்துவிடுவாள். அவர் என்று மரியாதையாக எழுதத்தான் வேண்டும். கை வருகுதில்லை.

ஆனால் எனக்கு முதல் சக்களத்தி அவள் இல்லை. லண்டனில் ராசாக்களுக்கு முடி சூட்டுகிற கோயிலில் ஓர்கன் வாசித்தவர்களும், அந்தச் சடங்குகளுக்கு என்றே பாட்டு எழுதியவர்களும்தான். எல்லோரும் செத்து எவ்வளவோ காலம். அவர்களுடைய படங்கள் புத்தக மட்டைகளில் இருக்கும். ஒருவருக்குச் சுருட்டை சுருட்டையாகப் பொய்முடி. ஒருவருக்கு வாயை மூடுகிற மீசை. இன்னொருவர் இளவயதில் போய், தான் வாசித்த ஓர்கனுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டவர் என்று எனக்குச் சொன்னீர்கள். சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்தது. என்னுடைய அப்பா செத்தபோதுகூட அப்படி இல்லை.

சனிக்கிழமை பின்னேரம் என்றால் நீங்கள் அவர்களோடுதான். சோறு ஆறிப்போகும். வந்து படுத்தாலும் போர்வைக்குள்ளே இரண்டு காலும் ஆடும், ஓர்கனின் கால் பலகைகளில் நடப்பதுபோல. வாசிக்கும்போது போட என்று மெல்லிய அடி வைத்த சப்பாத்து ஒரு சோடி வாங்கினீர்கள். அதற்குத் தனியாக ஒரு துணிப்பை. என்னுடைய கூறைச் சேலைக்குக்கூட அப்படி ஒரு பை இருந்ததில்லை.

ஒருநாள் நான் கேட்டேன், அந்தத் தாள் திருப்புகிற வேலையை நான் செய்யக்கூடாதா என்று. உனக்கு நோட்டு வாசிக்கத் தெரியாதே என்றீர்கள். நீங்கள் தலையாட்டுங்கோ, நான் திருப்புகிறேன் என்றேன். தலையாட்ட எனக்கு நேரம் இருக்காது என்று சிரித்தீர்கள். பகிடியாகத்தான் சொன்னீர்கள், தெரியும். அடுத்த நாள் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவை அறையில் நின்று துணி மடித்தபோது முழுவதும் எனக்கு அதே யோசனைதான். எனக்குத் தெரியாத ஒரு பாசையில் என்னுடைய மனிசன் இன்னொருத்தியோடு கதைக்கிறார். அதற்கு வாயே தேவையில்லை.

அவள் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இந்த நாட்டில் எல்லோருக்கும் "நீ"தானே, "நீங்கள்" என்ற சொல் கிடையாது. கோயிலின் அந்தக் கோடியில் நின்று உங்கள் பெயரைச் சத்தமாகச் சொல்லி, "நீ வா, நேரம் போச்சு" என்பாள். நான் ஒருநாளும் வாயால் சொல்லாத பெயர். அவளுடைய வாயில் அது எவ்வளவு சுகமாகப் புரண்டது.

நம்முடைய சனத்துக்கும் அந்த ராசா பாட்டுகளில் ஆசை வந்துவிட்டது. தொலைக்காட்சியில் இங்கிலாந்து முடிசூட்டைப் பார்த்துவிட்டு, மகள் கோயிலுக்குள் வரும்போது அதுதான் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். மணப்பெண் வாசலில் காலெடுத்து வைப்பாள், நீங்கள் தொடங்குவீர்கள். பாதி வழியில் வீடியோக்காரன் மறித்து, இன்னொருக்கால் வாங்கோ தங்கச்சி என்று திருப்பி அனுப்புவான். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிற ஆள். மேலே மாட்டிய சின்னக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, பாட்டை முடியவிடாமல் இழுக்கவேண்டும். வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்வீர்கள், "ராசாக்களோடை இந்தக் கரைச்சல் இல்லையப்பா."

ராசாக்களோடும் இருந்திருக்கிறது என்று பிறகு நீங்களே சொன்னீர்கள். ஒரு முடிசூட்டில், ராசா உள்ளே வந்து சேர முன்னமே அவருக்கென்று எழுதிய பாட்டு முடிந்துபோனதாம். ஓர்கன்காரர் தன் கைக்கு வந்ததை வாசித்து வாசித்து அவர் வருமட்டும் இழுத்தாராம். எழுதியது பெரிதில்லை, நடக்கிறவர் வந்து சேருமட்டும் விடாமல் வைத்திருப்பதுதான் பெரிது என்றீர்கள். எனக்காக எப்போதாவது ஒரு வேலையை அப்படி இழுத்து வைத்திருந்தீர்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பிறகு நீங்கள் போனீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு முதல் நாள் பேரித் தொலைபேசி எடுத்தாள். பெட்டி வெளியே போகும்போது எதை வாசிப்பது என்று கேட்டாள். தானே ஒன்றைச் சொன்னாள், மெல்லியது, அவருக்குப் பிடித்தது என்றாள். உங்களுக்குப் பிடித்தது எது என்று அவள் எனக்குச் சொல்வதா? நீங்கள் குசினியில் வெங்காயம் உரிக்கும்போதும், குறொன்லாண்டுக் கடையில் மரக்கறிக்கு வரிசையில் நிற்கும்போதும் மூக்கால் பாடுகிற ஒரு மெட்டு இருக்கிறதே, பெயர் தெரியாது, அதை நான் தொலைபேசியில் அவளுக்குப் பாடிக் காட்டினேன்.

அவள் நொர்வேஜிய மொழியில் சொன்னதை நம்முடைய பேச்சில் எழுதுகிறேன். "அது முடிசூட்டுக்கு, ராசா உள்ளை வாறதுக்கு எழுதினது. பெட்டி வெளியாலை போறதுக்கு இல்லை."

தனக்கென்று ஒளித்து வைக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். எனக்கு அதுதான் வேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அப்படியே வாசித்தாள். கோயில் அதிர்ந்தது. நொர்வேக்காரர் சிலர் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஸ்தவாங்கரிலிருந்து வந்திருந்த உங்கள் அக்கா, என்னுடைய மச்சாள், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு காதுக்குள்ளே சொன்னா, "உனக்கு விசரோ? என்ரை தம்பி போறான், நீ ராசா வாற மேளம் அடிக்கிறாய்." நீங்கள் முன்னாலே போய்க்கொண்டிருந்தீர்கள்.

என்னுடைய முழங்கால் நோவைத்தான் உங்களுக்குத் தெரியுமே. பெட்டி வாசலைத் தாண்டிவிட்டது, நான் இன்னும் பாதி வழிகூட வரவில்லை. பாட்டு முடியப் போகிற மாதிரி ஏறியது. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது எனக்கு, முடிவு எது என்று தெரியும். இப்போது முடியும், சனம் எழும்பிவிடும், நான் நடுவிலே தனியாக நிற்பேன் என்று பயந்தேன். முடியவில்லை. ஏறின இடத்திலிருந்து திரும்பிக் கீழே இறங்கி, திரும்பவும் ஏறியது. நான் ஓரடி வைக்க அதுவும் ஓரடி. வாசல் நிலையில் நான் கை வைத்த பிறகுதான் முடித்தாள்.

அந்தக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வாசித்திருக்கிறாள்.

நன்றி சொல்லியிருக்கவேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம். நீங்கள் செய்வதுபோலவே செய்துவிட்டாளே. யாரிடமிருந்து அதைப் பழகினாள்? பக்கத்தில் இருந்து, எத்தனை சனிக்கிழமை பார்த்துப் பழகியிருப்பாள்? என்னுடைய மனிசனின் கை வேலை அவளுடைய கையில் உயிரோடு இருக்கிறது, எனக்கு ஒரு சோடிச் சப்பாத்துத்தான் மிச்சம். இப்படி ஒரு பொறாமை ஒரு விதவைக்கு வரலாமா? யாரிடம் கேட்பது?

அதனால்தான் புத்தகங்களைக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நிரோ சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டாள். "அம்மா, அதை வைச்சு நீங்கள் என்ன செய்யப்போறியள்? உங்களுக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியுமோ?" தெரியாது. அதுதானே வருத்தம். அலுமாரியில் உங்கள் உடுப்புகளுக்குக் கீழே அடுக்கி வைத்திருந்தேன். சில நாள் எடுத்து விரித்துப் பார்ப்பேன். பக்கம் முழுக்கப் பென்சிலால் நீங்கள் வரைந்த கோடுகள், வட்டங்கள். நாலு தரம் சுழித்தால் என்ன அர்த்தம், இரண்டு தரம் சுழித்தால் என்ன? நீங்கள் எழுதியது, நான் வாசிக்க முடியாதது.

போன ஞாயிறு அவள் கேக் சுட்டுக்கொண்டு வந்தாள். நான் தேத்தண்ணி வைத்தேன். புத்தகங்களை எடுத்து வந்து மேசையில் வைத்தேன், கொடுத்துத் தொலைப்போம் என்றுதான். அவள் மேலே இருந்ததை எடுத்து, விரிக்காமல், மட்டையை உள்ளங்கையால் தடவினாள். அந்தத் தடவல் எனக்குப் பொறுக்கவில்லை. மற்றதையெல்லாம் என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"ஒண்டுதான்," என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை நொர்வேஜிய மொழியில் சொன்னேன். "இதிலை உள்ளதைக் கோயிலிலை எனக்கு வாசிச்சுக் காட்டு. இதை வாசிக்கேக்கை அவர் என்ன சொன்னவர், எங்கை சிரிச்சவர், எங்கை பிழை விட்டவர், எல்லாம் சொல்லு. ஒண்டும் விடாமல் சொல்லி முடிச்சாப் பிறகு அடுத்த புத்தகம் தருவன்."

யோசித்தாள். "பிழை விட்ட இடங்கள் கொஞ்சமில்லை. நிறைய நாள் எடுக்கும்."

"எடுக்கட்டும்."

இரண்டு பேரும் சிரித்தோம், என்ன செய்வது? பிறகு அவள் குனிந்துகொண்டு, கோப்பையைச் சுற்றிச் சுற்றி, மெதுவாகச் சொன்னாள். "எனக்கு அவனை ஓர்கனுக்கு முன்னாலை இருக்கேக்கை மட்டும்தான் தெரியும். வீட்டிலை எப்பிடி இருந்தவன் எண்டு ஒண்டும் தெரியாது. எத்தினையோ தரம் கேட்டனான், சொல்லமாட்டான். நீ சொல்லுவியா?"

அந்த முகத்தைப் பார்த்தேன். அது என்ன முகம் என்று எனக்குத் தெரியாதா? எத்தனை வருடம் கண்ணாடியில் பார்த்த முகம் அது. இந்த ஒரு வருடத்தில் எனக்கு வயிறு குளிர்ந்தது அப்போதுதான், உண்மையைச் சொல்கிறேன். அவளும் என்னைப் பார்த்து எரிந்திருக்கிறாள். நீங்கள் அங்கேயிருந்து எழும்பி வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும்.

கொஞ்சம் சொன்னேன். மீன் குழம்பில் தலையை எனக்கு விடமாட்டீர்கள் என்று சொன்னேன். நிரோ பிறந்த அன்று ஆஸ்பத்திரிப் படியில் இருந்து அழுததைச் சொன்னேன். இன்னும் இன்னும் என்று கேட்டாள். போகும்போது தன் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்று கடைசியாக ஒன்று கேட்டாள், வீட்டில் என்னை நீங்கள் என்னவென்று கூப்பிடுவீர்கள் என்று.

சொல்லவில்லை. நீங்கள் வைத்த அந்தப் பெயர் நிரோவுக்கே தெரியாது. கதவைச் சாத்திவிட்டு உங்கள் படத்துக்கு முன்னால் இருந்து எனக்கு நானே ஒரு தரம் சொல்லிப் பார்த்தேன்.

இஞ்சாருங்கோ, உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் ராசாக்களையும், பொய்முடிக்காரரையும், மீசைக்காரரையும் ஒவ்வொருவராக அவளுக்குக் கொடுத்துவிடுவேன். அவர்கள் வாசிக்கப்படவேண்டியவர்கள், அலுமாரியில் கிடக்கக்கூடாது. அவள் வாசிக்க, நான் முன் வாங்கில் இருந்து ஒவ்வொன்றையும் கேட்பேன். என்னிடம் உள்ளதையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். அந்தப் பெயரை மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன். அதனால் இந்தக் கடிதத்தின் கீழேயும் அதை எழுதவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் மட்டும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட
உங்கள் மனைவி