பேங்க் நெகாராவிலிருந்து பேசுகிறேன்

ஜொகூர் பாரு,
செவ்வாய், மத்தியானம்

அன்புள்ள அப்பாவுக்கு,

தனேஸ்வரியின் வணக்கம். முட்டிவலி குறைந்ததா? அம்மா இனிப்புநீர் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார்களா?

நேற்று இங்கே ஒரு கூத்து. பேங்க் நெகாரா அதிகாரி என்று ஒருவன் போன் செய்தான். என் பெயரில் வழக்காம். சேமிப்பை அவர்கள் கணக்கில் போட்டால்தான் பத்திரமாம். லைனை வைக்கவே கூடாதென்று மிரட்டி, இரண்டு மணி நேரம் பேசினான். தோட்டத்து ஆபீஸ் கிராணி கூப்பிட்டால் நீங்கள் எழுந்து நிற்பீர்களே, அதுபோல நானும் நின்றுகொண்டே “சரி சார்” போட்டேன். அவன் கேட்டதும் உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டேன்.

கூட இருக்கும் ஷர்மினிதான் போனைப் பிடுங்கினாள். “அது பேங்குகளுக்கெல்லாம் பேங்க் லா. மற்ற பேங்குகளைக் கண்காணிக்கத்தான் சட்டம் அதை வைத்திருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு அங்கே கணக்கே கிடையாது” என்றாள். என் காசு போகவில்லை, பயப்படாதீர்கள். கம்பெனி தோட்டத்தை விற்றபோது வேலைக்கு ஈடாக உங்களுக்குக் கிடைத்த காசை மட்டும் யார் கேட்டாலும் தொடாதீர்கள்.

சுகுமாரன் அண்ணன் லோரி இப்போது அங்கே கோலா சிலாங்கூருக்குக் கிளம்புகிறது, இந்தக் கடிதத்தை அவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். திரும்பும்போது பாசிர் பெனம்பாங் கருவாடு கொடுத்தனுப்புங்கள். முடிந்தால் நீங்களும் ஏறி வாருங்கள், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

அண்ணன் ஹார்ன் அடிக்கிறார். காலையிலிருந்து உங்கள் போன் பிசியாகவே இருக்கிறது. யாரிடம் அப்பா பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?

தனேஸ்