நாவலூருக்குச் சராசரி வேகம்

அஸ்தினாபுரம் வாழ் பெருமக்களுக்கும், ஜபல்பூர் ராணுவப் பயிற்சியில் போனைப் பறிகொடுத்திருக்கும் என் அண்ணன் வெற்றிவேலுக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டு குக்கருக்குப் புது கேஸ்கட் போட்டாகிவிட்டது. பழையது போகிற போக்கில் அம்மாவின் வலது கட்டைவிரலை வேகவைத்துவிட்டதால், அவள் சொல்லச் சொல்ல சுகுமாராகிய நான் எழுதுகிறேன்.

அன்பு மகனே, இங்கே எல்லோரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஈர சாக்ஸைப் போட்டுக்கொண்டு ஓடாதே. இதுவரை அம்மா. இனி வெண்ணிலா அக்காவின் இன்டர்வியூ கதையை எழுதச் சொல்கிறாள், அதை என் பாணியில் எழுதுகிறேன். நாவலூர் கம்பெனியில் பத்து மணிக்கு கேட்டை மூடிவிடுவார்கள், இருபத்து நான்கு கிலோமீட்டர், தனசேகர் சித்தப்பா காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கூடுவாஞ்சேரியில் மனை விற்கிறாரே, ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம் என்று, ஹெலிகாப்டரில் போனால் ஐந்து நிமிடம், அந்த மேதைதான். துரைப்பாக்கம் வரை பாதி தூரம் அறுபதில் போகலாம், ஓ.எம்.ஆர். ரோட்டு நெரிசலில் மீதிப் பாதி இருபதில் ஊரலாம், ஆக சராசரி நாற்பது, முப்பத்தாறு நிமிடம் போதும், ஒன்பதேகாலுக்குக் கிளம்பலாம் என்றார். இரண்டு வேகத்தைக் கூட்டி இரண்டால் வகுக்கும் மூளைக்கு லைசென்ஸ் கொடுத்தவரைச் சொல்ல வேண்டும். மெதுவாகப் போகிற பாதிக்குத்தானே நேரம் அதிகம் பிடிக்கும்? முதல் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம், அடுத்த பன்னிரண்டுக்கு முப்பத்தாறு, மொத்தம் நாற்பத்தெட்டு. மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் சராசரி முப்பதுதான் என்றேன். டேய், நான் இந்த ரோட்ல பதினஞ்சு வருஷமா வண்டி ஓட்டினு கீறேன், நீ எனுக்கு கணக்கு சொல்றியா என்று எகிறினார். அக்கா என் பக்கம், ஒன்பதுக்கே கிளம்பினோம்.

பள்ளிக்கரணை தாண்டியதும் சித்தப்பா ஐயோ பல்லி என்று அலறி வண்டியை ஓரங்கட்டினார். எண்பது கிலோ ஆள், ரோட்டில் குதித்து நின்றுகொண்டு, அதைப் பிடிக்காமல் ஏற மாட்டேன் என்று ஒரே அடம். அக்கா சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினாள். இருபத்து நான்கு நிமிடம் போனது. நாவலூரில் செக்யூரிட்டி, டைம் முடிஞ்சிடுச்சும்மா, மேல கேட்டுட்டு மெயில் பண்ணுவாங்க என்று அனுப்பிவிட்டார். அந்த மெயில் இன்னும் வரவில்லை, அக்கா போனை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எல்லாம் உன் சித்தப்பாவால் வந்தது, அந்த மனுஷனுக்கு இனி இந்த வீட்டில் காபி கிடையாது என்று எழுதச் சொல்கிறாள் அம்மா. ஆனால் என் கணக்கு பிசகவில்லை, வண்டி ஓடியது நாற்பத்தெட்டே நிமிடம்.

ஞாயிற்றுக்கிழமை போன் கொடுத்தால் முதலில் அக்காவிடம் பேசு, முட்டிக்குத் தைலம் தேய்க்க மறக்காதே, அம்மன் உன்னைக் காப்பாள்.
இப்படிக்கு, ஆசிகளுடன் அம்மா அஞ்சலி.

அண்ணா, அம்மா பால் வாங்கப் போயிருக்கிறாள். நின்ற நேரத்தையும் மொத்த நேரத்தில் சேர்க்க வேண்டும், அதை நான் சேர்க்கவில்லை. எழுபத்திரண்டு நிமிடம். சித்தப்பா சொன்னது நாற்பது, நான் சொன்னது முப்பது, வந்தது இருபது. அந்தப் பல்லி ரப்பர். சித்தப்பா கத்துவார், சிரித்துவிட்டுப் போகலாம் என்றுதான் ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தேன். அவர் குதித்த குதியில் பயந்துபோய் அதை எடுத்து என் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, நானும் அக்காவோடு சேர்ந்து தேடினேன்.