இருக்கச் சொல்லும் மூன்று விதம்

2010 கார்த்திகை, வெள்ளி இரவு. வாழைச்சேனை.

திங்கட்கிழமை கொழும்பில் ஜப்பான் வேலைக்கு நேர்முகப் பரீட்சை. அதற்காகப் பின்னேரம் வீட்டில் சத்தமாகப் படித்தேன். ஒருவரை ‘இருங்க’ என்று உட்காரச் சொல்ல அங்கே மூன்று விதம் உண்டு. விருந்தாளிக்கு ‘ஒகாகே குதசாய்’. மற்றவர்களுக்கு ‘சுவத்தே குதசாய்’. சுனாமி முகாமில் என் காலுக்கு மருந்து கட்டிய ஜப்பான் தாதி அப்படித்தான் சொன்னாள். அந்தக் குரலை நம்பித்தான் இந்த ஜப்பான் மொழி வகுப்புக்கே போனேன்.

மூன்றாவது வெறும் அதட்டல். “அத நீங்க சொல்லப்படாது. வேலத்தலத்தில சொன்னா உங்களுக்கு விளங்கினாப் போதும்” என்று வகுப்பில் மிஸ் சொல்லியிருந்தார். காது பழகட்டும் என்று விரலை நீட்டி, உரத்த குரலில் “சுவாரே” என்றேன்.

வாசலில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த என் கணவர் முழங்காலில் விழுந்தார். இரண்டு கைகளும் தலைக்குப் பின்னால் போயின. இராணுவத் தடுப்பு முகாமிலிருந்து இவரைப் போன மாதம்தான் விட்டார்கள். இவருக்கு ஜப்பான் மொழியில் ஒரு சொல்லும் தெரியாது.

“நான் படிக்கிறன். உங்களுக்குச் சொல்லல்ல. எழும்புங்க.”

“ஓம் சேர்” என்றார். எழும்பவில்லை.

நானும் எதிரே முழந்தாளிட்டு, இவரின் கைகளைப் பிடித்து இறக்கினேன். நிறைய நேரம் சென்றுதான் என்னைப் பார்த்தார்.

“அங்க உனக்கும் இப்பிடித்தான் சொல்லுவாங்களா?”

இல்லை என்றேன்.

தடுப்பில் இருந்தவரென்று இவரைத் தோணியில் ஏற்ற ஒருவரும் துணிகிறார்களில்லை. நான் போகாவிட்டால் அடுப்பு எரியாது. போனால், இவரிடம் எழும்புங்க என்று யார் சொல்வது?