கடைசி பெஞ்சிலிருந்து நீ பார்த்தது

அன்புள்ள தங்கைக்கு,

அன்புள்ள என்பது கைப்பழக்கம். அதற்கு மேல் பொருள் தேடாதே. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலம் வந்து சேர்ந்தது.

எங்கள் பள்ளியை ஆய்வு செய்து நீ எழுதிய அறிக்கையும் வந்து சேர்ந்தது. ஆங்கில வகுப்பில் பாதி நேரம் வீட்டு மொழியில் பேசுகிறவர், பத்தாம் வகுப்புக்கு ஏற்றவரல்ல என்று என்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். தலைமையாசிரியர் சத்தமாகப் படித்துக் காட்டினார். "கூடப் பொறந்தவங்களே எழுதிட்டாங்க, நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டுவிட்டு டீயை உறிஞ்சினார். திங்கட்கிழமையிலிருந்து எனக்கு ஆறாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு பக்கத்து வகுப்பறை ஆசிரியைக்கு.

அவள் நடத்தியதைத்தான் நீ வானளாவப் புகழ்ந்திருக்கிறாய். அது முந்தின வாரமே முடித்த பாடம். யாராவது பார்க்க வந்தால் இங்கே அதுதான் வழக்கம். பதில் தெரிந்த பிள்ளை வலக்கையைத் தூக்கும், தெரியாதது இடக்கையை. அவள் வலக்கைகளை மட்டும் எழுப்புவாள். உனக்கு வகுப்பே கை தூக்கியதாகத் தெரிந்திருக்கும்.

என் பிள்ளைகளும், "மிஸ், நாமளும் ஒத்திகை பாத்துக்கலாமா?" என்று கேட்டார்கள். வரப்போவது என் தங்கை, அவளிடம் என்ன நாடகம் என்று சொல்லிப் புதுப் பாடத்தைத் திறந்தேன். விழித்த முகங்களைப் பார்த்தேன், புரிகிற மொழியில் சொன்னேன். கல்லூரிக்குப் போகும்வரை என்னிடம் யாரும் ஆங்கிலத்தில் பேசியதில்லை. விழிப்பது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். உன்னை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தபோது அப்பாவிடம் வசதி இருந்தது, என் முறைக்கு இல்லை. அதற்காக உன்மேல் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

பொதுத்தேர்வு நெருங்குகிறது. அந்தப் பிள்ளைகள் புது மிஸ்ஸிடம் சந்தேகம் கேட்கப் பயந்து, இடைவேளையில் என் ஆறாம் வகுப்பு வாசலில் வந்து நிற்கிறார்கள். நான் வாய் திறந்தால் தலைமையாசிரியர் பொறாமை என்பார். நீ எழுதினால் கேட்பார்.

அடுத்த மாதம் அம்மாவைப் பார்க்க வருகிறாயாம். முதலில் பள்ளிக்கு வா. முன்கூட்டித் தெரிவிக்காமல் வந்து பத்தாம் வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார். என் தங்கை என்று வாசலில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாதே. நானும் சொல்லமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா