கதவில் எழுதிய பெயர்

பிப். 25, புதன். பி.ப. மழை.

எழுத்து கோணலாக இருக்கிறது. யாரும் படிக்கப்போவதில்லை, ஆனாலும் இந்த நோட்டிடம் மன்னிப்பு. 'ழ' போட்டால் கை கோட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போகிறது. எழுபது வயதுக் கை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நான் எழுதப் படிக்கப் பழகும் தமிழ் வகுப்பு டீச்சர், "தினமும் எழுதுங்க அங்கிள், கொஞ்சமா இருந்தாலும் பரவால்ல" என்றார். வரும் வழியில் சாப்பாட்டுக் கடைப் பலகை முழுக்கப் படித்தேன்! மீன் தலைக் கறி வரை. கடைக்காரர், "என்ன வேணும் அண்ணே?" "ஒண்ணும் வேணாம், படிக்கிறேன்."

மாலை கிள்ளான், கோயில் மண்டபம். மியன்மார் நிலநடுக்கத்தில் வீடு இடிந்தவர்களுக்குக் கதவு, ஜன்னல் செய்கிறோம். மூன்று சபையும் சேர்ந்து. எங்கள் கத்தோலிக்கக் கோயில், சீனர் சபை, கைதட்டிப் பாடும் சபை. அந்தக் கைதட்டும் சபையில்தான் என் தம்பி அந்தோணி. அங்கே மறுபடி ஞானஸ்நானம் வாங்கி சாமுவேல் ஆகிவிட்டான். அந்தப் பெயர் என் வாயில் வராது. அம்மா அடக்கத்தில் ஜெபமாலை சொல்வதா கூடாதா என்று சண்டை. அன்றோடு பேச்சு நின்றது. வீடு இரண்டு தெரு தள்ளித்தான்.

இன்று ஆள் குறைவு. ஒரே கதவுக்கு அந்த முனையில் அவன், இந்த முனையில் நான். நான் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கமாக நடக்கிறேன்.

"படி இருக்குண்ணே."

அவ்வளவுதான். "ம்" என்றேன். இன்னும் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பிப். 27, வெள்ளி. நல்ல வெயில்.

கதவு தேய்த்தேன். தும்மல், தும்மல். லியான் வந்தாள். பங்சாரில் தமிழர் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் மியன்மார் பெண். முதல் கதவு அவள் அப்பா அம்மாவுக்கு. இன்னும் தார்ப்பாய்க்கு அடியில்தான் படுக்கிறார்களாம். கதவைக் கையால் குத்திப் பார்த்து, "குவாட் லா, அங்கிள்!" என்றாள். கெட்டியாம். ரொம்பப் பெருமை எனக்கு.

மதியச் சாப்பாடு தம்பி சபையின் முறை. மூடியைத் திறந்தால் கோழிப் பிரட்டல். தவக்கால வெள்ளியில் நாங்கள் இறைச்சி தொடமாட்டோம். சொல்லவும் கூச்சம், நின்றோம். எங்கள் கோயில் ரோசிதான், "பாஸ்டர், இன்னைக்கு வெள்ளிக்கிழமை லா!"

தம்பி சபை பாஸ்டர், "ஆமா சிஸ்டர், நேத்து வியாழன்."

அப்போது அந்தோணி மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு பெரிய பாத்திரத்தை இறக்கினான். நெத்திலி சம்பல். காலையில் அவனே சமைத்தது. "அம்மா கையால சாப்பிட்டு வளந்தவன். எனக்கு வெள்ளி மறக்குமா?" பாத்திரத்தைப் பார்த்தே பேசினான். என் தட்டில் மட்டும் இன்னொரு கரண்டி. உப்பு கூடுதல், அம்மா போடுகிற மாதிரியே.

கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல நினைத்தேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிட? தட்டை வழித்துச் சாப்பிட்டேன்.

பிப். 28, சனி. காலை மூட்டம்.

லோரி வந்தது. துறைமுகம், அப்புறம் கப்பல். லியான் வீட்டுக் கதவு கடைசியில்.

கடையில் பழகிய தமிழில் அவள், "பேரு எழுதுங்க அங்கிள். எங்கம்மா உங்க பேரு சொல்லி ஜெபம் பண்ணும்."

ரோசி, "அங்கிள் இப்ப பெரிய படிப்பாளி, விடாதே!" என்று மார்க்கரைக் கையில் திணித்தாள். கதவின் மேல் விளிம்பில் எழுதினேன். மாட்டிய பிறகு யார் கண்ணிலும் படாது, கோணல் எழுத்துக்கு அதுதான் பத்திரமான இடம்.

முதலில் சவரிமுத்து. மூச்சு வாங்கியது. தம்பி கதவை அசையாமல் பிடித்திருந்தான்.

"என் பேரும் போடுண்ணே." மார்க்கர் முனையைப் பார்த்தபடி, "உனக்கு எது வருதோ அது."

அந்தோணி எனக்கு நன்றாக வரும். வகுப்பில் என் பெயருக்கு அடுத்து எழுதிப் பழகியது அதைத்தான். ஆனால் அந்த அம்மா ஜெபத்தில் சொல்லும்போது அவன் பெயராக இருக்க வேண்டாமா? லோரிக்காரர் ஹார்ன் அடிக்க அடிக்க, மெதுவாக, சாமுவேல் என்று எழுதினேன்.

அவன் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தான். "கோணலா இருக்கு."

"உன் பேருதானே, அப்படித்தான் இருக்கும். தூக்கு, சாமுவேல்."

தூக்கினோம்.

கை வலி. வரும் வெள்ளி அவன் வீட்டில் சாப்பாடு. உப்பு எப்படி என்று அடுத்த வாரம் எழுதணும்.