நாற்பதுக்கு முப்பத்தெட்டு

இன்று மத்தியானம் பாப்பா பள்ளியிலிருந்து ஒரு தாள் கொண்டுவந்தாள். கேள்வி எதுவும் அதில் இல்லை. நம்பர் போட்டு வரிசையாக வட்டங்கள், வரிக்கு நான்கு. சரியான விடையின் வட்டத்தைப் பேனாவால் கறுப்பாக நிரப்ப வேண்டும். நாடு முழுக்க ஒரே நாளில் ஒரு பரீட்சை நடக்குமே, ஆறாம் வகுப்புக்கும் அது வருகிறதாம். பழகிக்கொள்ள ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். எல்லா வட்டமும் ஒரே அளவு. நீ போட்டவை அப்படி இருக்காது.

மூன்றாம் வகுப்பில் அவளுக்கு அது வந்தபோது, நம் மின்னி பே வீட்டில் பழைய டைரி ஒன்றில் பேனா மூடியைக் கவிழ்த்து வைத்து நீயே வட்டம் போட்டுக் கொடுத்தாய். நடுவில் இருமல் வரும். மூடி நகர்ந்து வட்டம் முட்டையாகிவிடும். பாப்பா முட்டைகளாகத் தேடிப் பிடித்து முதலில் நிரப்புவாள். ஒருநாள் என்னையும் உட்காரவைத்தாய். நான் இந்தத் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவன், ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன். மூன்றாம் வகுப்புக் கேள்விதானே என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். இருபதுக்குப் பதினொன்று.

“பாப்பா, உங்கப்பாவத் திரும்ப மூணாங்கிளாஸ்ல சேக்கணும்டி.”

“யூனிஃபார்ம் பத்தாதும்மா.”

ஒரு கேள்வி ஞாபகம் இருக்கிறதா? நேற்று செவ்வாய்க்கிழமை என்றால் நாளை என்ன கிழமை? நான் செவ்வாய் என்றே நிரப்பியிருந்தேன். காலையிலிருந்து ஜெட்டியில் பெங்காலி, தெலுங்கு, மலையாளி என்று எல்லோரிடமும் இந்தி பேசுகிற வாய். அந்த இந்தியில் நேற்றும் ‘கல்’தான், நாளையும் ‘கல்’தான். கல் செவ்வாய் என்றால் கல் என்ன கிழமை? செவ்வாய்தானே! இதை நான் நியாயமாக விளக்கப்போக, நீ சிரித்துச் சிரித்து அது இருமலில் போய் முடிந்தது. அன்றைக்குத்தான் உன் இருமல் சாதாரண இருமல் இல்லை என்று எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

நுரையீரல், மெயின்லேண்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார் டாக்டர். உன் அண்ணன் வந்து சென்னைக்கு அழைத்துப்போனார். நாங்களும் வருகிறோம் என்றதற்கு நீ ஒத்துக்கொள்ளவில்லை. “டெஸ்ட விட்டுட்டுப் பிள்ளைய இழுத்துட்டு வராதீங்க. எழுதட்டும். லீவு விட்டதும் ரெண்டு பேரும் வாங்க,” என்றாய். நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன். லீவுக்குக் கப்பலில் டிக்கெட் போட்டு வைத்தேன்.

பரீட்சை முடிந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு உன் அண்ணன் வார்டுக்குள் வந்து போனை உன் காதில் வைப்பார். பாப்பாவிடம் கொஞ்சம், என்னிடம் ஐந்து நிமிஷம். அதற்கு மேல் உனக்கு மூச்சு வாங்கும். இங்கே தீவில் அதற்குள் இருட்டத் தொடங்கியிருக்கும். நான் வாசலுக்கு வந்துவிடுவேன், முகத்தைப் பாப்பா பார்க்கக் கூடாது என்று. நீ கேட்கிற முதல் கேள்வி, “மார்க் வந்துச்சா?”

நானும் பள்ளிக்குப் போய் ஹெட் மேடத்தைக் கேட்டேன்.

“இதுல பேர் பேரா மார்க் வராதுங்க. மொத்தமா சேத்து ஜில்லாவுக்குத்தான் ரிசல்ட் வரும்.”

“அப்போ எம்பொண்ணு எழுதுனது?”

“அதுவும் அதுக்குள்ளதான் இருக்கும்.”

எதற்குள் என்று கேட்க எனக்குப் படிப்பு பத்தவில்லை. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது? டைரி டைரியாக வட்டம் போட்டவளிடம், பிள்ளையைக்கூடப் பார்க்காமல் அங்கே படுத்திருப்பவளிடம், மார்க்கே கிடையாதாம் என்று எப்படிச் சொல்வது? அன்று சாயங்காலம் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: “நாப்பதுக்கு முப்பத்தெட்டு!”

அந்தப் பக்கம் நீ இருமுவது கேட்டது. பிறகு கேட்டாய். “ரெண்டு எது தப்பு?”

பொய் சொன்னவன் நாற்பதுக்கு நாற்பது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். “அந்த நேத்து, நாளை கேள்விதான்,” என்றேன்.

“அது பிள்ள தப்பில்ல. நீங்க வீட்டுக்குள்ள கல் கல்னு பேசுற லட்சணம். சரி, இன்னொண்ணு?”

“நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்.”

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஜெட்டியில் உட்கார்ந்து அவளுடைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டினேன். கூட வேலை பார்க்கிறவன், “க்யா பாய், ஐஏஎஸ்ஸா?” என்றான். கடிகாரக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். நீ விடவில்லை. முள் எங்கே இருந்தது, பாப்பா என்ன போட்டாள், பக்கத்தில் இருந்த பெண் என்ன போட்டாள் என்று நாளுக்கு ஒன்றாகக் கேட்டாய். நானும் நாளுக்கு ஒன்றாகக் கட்டிவிட்டேன். என் குரல் உடையாமல் உன்னோடு பேசியது அந்த நாட்களில்தான். லீவுக்கு நான்கு நாள் இருக்கும்போது உன் அண்ணனிடமிருந்து அந்த போன் வந்தது. கப்பலை விட்டு ஃப்ளைட்டில் போனோம். அப்படியும் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

கட்டியவளைப் பொய் சொல்லி அனுப்பிவைத்தவன் என்று மூன்று வருஷமாக எனக்குள் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. இன்று பாப்பா வட்டங்களை நிரப்பிக்கொண்டே, “இதுல மார்க் வராதுப்பா, தெரியும்ல?” என்றாள். அவளிடம் சொல்லிவிட்டேன், அவள் மூணாவது படிக்கையில் உன்னிடம் முப்பத்தெட்டு என்று சொன்னதை.

அவள் தலையைத் தூக்கவில்லை. “அம்மாவுக்கு அது தெரியும்ப்பா. டெஸ்ட் முடிஞ்ச அன்னைக்கே நான் சொல்லிட்டேனே, மார்க் கிடையாதுன்னு மிஸ் சொன்னாங்கன்னு.”

“அப்புறம் எதுக்குடி தினமும் எங்கிட்ட கேட்டா?”

“நீங்க போன்ல அழுதுக்கிட்டே இருந்தீங்களாம். மார்க்க பத்திக் கேட்டாத்தான் நல்லா பேசுறீங்களாம். ‘அப்பா சொல்லட்டும், நீ சிரிச்சுக் காட்டிக் கொடுத்துராத’ன்னாங்க.”

“இத்தன நாளா சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே.”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என் கடிகாரக் கணக்கை நீ எந்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்திருப்பாய் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஒரு நாளைக்கு ஐந்து நிமிஷம்தான் உனக்கு மூச்சு இருந்தது. அதை என் பொய்க்குக் கேள்வி கேட்டே தீர்த்தாய். நான் ஒருநாளாவது வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருந்தால், நீ என்னிடம் என்ன சொல்லியிருப்பாய்? பயமாக இருக்கிறது என்று சொல்லியிருப்பாயா? லீவு எல்லாம் வேண்டாம், பிள்ளையை இப்போதே கூட்டிக்கொண்டு வாங்க என்று சொல்லியிருப்பாயா? சொல்லியிருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்போம். இடம் விடாமல் பேசிக்கொண்டிருந்தது நான்தான்.